கருகருவென்று வேண்டாம்: தலைமுடிச் சாயம் இயல்பாகத் தெரிய என்ன செய்யலாம்

"அக்கா, நல்லா கருகருன்னு அடிச்சு விடுங்க." கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலோ செந்தூலிலோ ஒரு சலூனில் அரை நாள் உட்கார்ந்திருந்தால் இதைக் கேட்காமல் வர முடியாது. கேட்டபடியே அடித்தும் விடுவார்கள். மறைக்க வந்தது நரை. மற்றவர் கண்ணில் படுவதோ சாயம். தலைக்குச் சாயம் பூசுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதைப் பார்க்க மனம் ஒப்புவதில்லை. இயல்பாகத் தெரிவதற்குக் கூடுதல் பணமோ நேரமோ தேவையில்லை. முடிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும். முதல்முறை சாயம் பூச நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நம் முடி கறுப்பு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். சாயமே படாத ஒரு பிள்ளையின் தலையை மதிய வெயிலில் பாருங்கள். வேருக்கு அருகே கறுப்பு, நடுவில் கரும்பழுப்பு, நுனியில் லேசான செம்மை. நெற்றியோரத்துப் பூனைமுடி மற்ற முடியைவிட எப்போதும் ஒரு படி வெளிர்ந்தே இருக்கும். முடி மாதத்துக்கு 1 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் வளரும் என்பதால், தோள்வரை முடி வைத்திருப்பவரின் நுனி இரண்டு மூன்று வருட வெயிலைப் பார்த்த முடி. வேர் அப்போதுதான் பிறந்தது. இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கண் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. உச்சி முதல் நுனிவரை ஒரே கறுப்பாக இருக்கும் தலை நமக்கே தெரியாமல் உறுத்துவது இதனால்தான். வயது ஏறும்போது முகத்தின் நிறமும் மெல்ல மாறும். அப்போது அடர்கறுப்பு முடி கண்ணுக்குக் கீழுள்ள கருமையையும் கன்னத்துக் கோடுகளையும் இன்னும் எடுத்துக்காட்டும்.

முடிக்குள் நடப்பது

ஓர் இழையின் வெளிப்புறம் முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மெல்லிய செதில்கள். உள்ளே கார்டெக்ஸ் என்னும் புரத நார்ப்பகுதி. நிறம் அங்கேதான் இருக்கிறது. மெலனின் என்னும் நிறமியில் இரண்டு வகை உண்டு: கறுப்பும் பழுப்பும் தருவது யூமெலனின், செம்மையும் மஞ்சளும் தருவது ஃபியோமெலனின். நம் முடியில் முதல் வகை மிக அதிகம். வேர்க்குழியில் நிறமி தயாரிக்கும் செல்கள் ஓய்ந்துவிட்டால், அதற்குப் பிறகு வளரும் முடி நிறமில்லாமலே வெளிவருகிறது. அதுதான் நரை. ஒன்றைப் பிடுங்கினால் ஒன்பது முளைக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அப்படி நடப்பதில்லை, ஒரு குழியில் நடப்பது பக்கத்துக் குழியைப் பாதிக்காது. ஆசியர்களுக்கு 25 வயதுக்கு முன் நரை வந்தால் மருத்துவர்கள் அதை இளநரை என்கிறார்கள். அந்த வயதில் நரைப்பவர்கள் சாயக்கடைக்குப் போகும் முன் கிளினிக்கில் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பி12 வைட்டமின் குறைவோ தைராய்டு கோளாறோ சில சமயம் காரணமாக இருக்கும்.

நிரந்தரச் சாயப் பெட்டியைத் திறந்தால் இரண்டு பொருள் இருக்கும். ஒன்றில் நிறமில்லாத சிறு மூலக்கூறுகளும், அமோனியாவோ அதற்குப் பதிலாக எத்தனோலமைனோ போன்ற ஒரு காரப்பொருளும் இருக்கும். மற்றொன்று டெவலப்பர், அதாவது ஹைட்ரஜன் பெராக்சைடு. காரம் முடியை உப்பவைத்துச் செதில்களைத் தூக்கிவிடும். சிறு மூலக்கூறுகள் உள்ளே நுழையும். பெராக்சைடு பட்டதும் அவை ஒன்றோடொன்று சேர்ந்து, நிறம் பெற்று, பெரிதாகி, வந்த வழியே வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிவிடும். பிரான்ஸில் யூஜின் ஷுவெல்லர் என்ற வேதியியலாளர் 1907ல் இத்தகைய சாயத்தைச் செய்து பாரிஸ் சலூன்களுக்கு விற்கத் தொடங்கினார். 1909ல் அவர் நிறுவிய கம்பெனிதான் பின்னாளில் லோரியல் ஆனது. நூறு வருடம் தாண்டியும் அடிப்படை வேலை இதுவேதான்.

பெராக்சைடு செய்யும் இன்னொரு வேலையைப் பெட்டியில் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள். அது உங்கள் சொந்த மெலனினையும் வெளுக்கிறது. நம் முடி வெளுக்கும்போது முதலில் சிவப்பும், அடுத்து செம்மஞ்சளும், பிறகு மஞ்சளும் மேலே வரும். சாயம் புதிதாக இருக்கும்வரை அது தெரியாது. வாரங்கள் போகப்போகச் சாயம் கசிந்து குறையும். அடியில் வெளுத்துக் கிடக்கும் செம்மை எட்டிப்பார்க்கும். "சாயம் மட்டம், செம்பட்டை ஆயிடுச்சு" என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். பெரும்பாலும் அது சாயத்தின் குற்றமல்ல, டெவலப்பர் தேவைக்கு மேல் வலுவாக இருந்ததன் விளைவு.

டெவலப்பரின் வலுவை வால்யூம் என்ற எண்ணால் குறிப்பார்கள். 10 வால்யூம் என்றால் 3 விழுக்காடு பெராக்சைடு, 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. நரையை மூடுவதற்கு 20 போதும். 30ம் 40ம் முடியை நன்றாக வெளுக்க வேண்டியவர்களுக்கு. வீட்டில் முதன்முதலாகப் பூசுபவர்கள் அவற்றைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

எண்ணைப் படியுங்கள், படத்தைப் பார்க்காதீர்கள்

வாட்சன்ஸ், கார்டியன் போன்ற மருந்துக்கடைகளில் அலமாரி முழுக்கச் சிரித்த முகங்கள். அந்த முகங்களின் முடி நிறத்துக்கும் உங்கள் தலையில் வரப்போகும் நிறத்துக்கும் தொடர்பு மிகக் குறைவு. மஞ்சள் புடவையை நீலச் சாயத்தில் தோய்த்தால் பச்சையாகத்தான் வரும், முடியும் அப்படியே. ஏற்கெனவே இருக்கும் நிறமும் நீங்கள் சேர்க்கும் நிறமும் சேர்ந்ததுதான் முடிவு. சலூனில் காட்டும் வண்ண அட்டையில் தொங்கும் இழைகள் வெளிர்நிறத்தின்மேல் சாயம் ஏற்றியவை. அதே சாயம் கறுப்பு முடியில் பாதிகூடத் தெரியாது; நரைத்த இழையில் மட்டும் அட்டையில் உள்ளபடி பளிச்சென்று வரும்.

நம்பத்தக்கது பெட்டியின் ஓரத்தில் இருக்கும் எண். முதல் எண் அடர்த்தி. 1 என்றால் முழுக் கறுப்பு, 10 என்றால் மிக வெளிர்ந்த பொன்னிறம். நம்மில் பெரும்பாலோர் 1 முதல் 3க்குள் இருக்கிறோம். புள்ளிக்குப் பின் வரும் எண் சாயல். பல நிறுவனங்களின் முறையில் .1 சாம்பல் சாயல், .3 பொன், .4 செம்பு, .6 சிவப்பு. ஆனால் எல்லா நிறுவனமும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை என்பதால் எண்ணுக்குக் கீழே எழுதியிருப்பதையும் படித்துவிடுங்கள். புள்ளிக்குப் பின் ஒன்றும் இல்லாமலோ பூஜ்யமாகவோ இருந்தால் அது சாயலற்ற அடிப்படை நிறம். நரையை நன்றாக மூடுவது அதுதான். வெறும் செம்பு, வெறும் சிவப்பு என்று வாங்கிப் பூசினால் கறுப்பு முடி அப்படியே இருக்க, நரைத்த இடங்கள் மட்டும் கண்ணைப் பறிக்கும்.

முதல்முறை பூசுபவருக்கு நான் சொல்வது 3 அல்லது 4. உங்கள் சொந்த நிறத்துக்குச் சமமாகவோ ஒரு படி வெளிர்ந்தோ இருக்கட்டும். ஒருபோதும் ஒரு படி கறுப்பாக வேண்டாம். வெளிர்ந்து போனால் அடுத்த முறை அடர்த்தியாக்குவது சுலபம். கறுத்துப்போனால் திரும்பி வருவது பெரும்பாடு. நிறம் சரியா என்று சலூன் விளக்கில் முடிவு செய்யாதீர்கள். சின்ன வண்ண அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே அஞ்சடி நடைபாதைக்கு வந்து, வெளிச்சத்தில், உங்கள் புருவத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புருவத்தைவிடச் சற்று வெளிர்ந்த நிறம் முகத்தோடு ஒட்டிப்போகும்.

எவ்வளவு நரை, எவ்வளவு சாயம்

காதோரத்திலும் வகிட்டிலும் ஆங்காங்கே வெள்ளை தெரியும் நிலையில் இருப்பவர்கள் நிரந்தரச் சாயத்துக்கே போகத் தேவையில்லை. டெமி-பெர்மனன்ட் என்று ஒரு வகை உண்டு. இதில் டெவலப்பர் மிக லேசானது. சொந்த மெலனினை அதிகம் தொடாமல் நரையின்மேல் மெல்லிய பழுப்புப் படியவிடும். ஏறத்தாழ இருபதுக்கு மேற்பட்ட முறை தலைக்குக் குளிக்கும்வரை நிற்கும். பிறகு மெல்ல மங்கிப்போகும். செம்பட்டை அதிகம் வராது. வேரில் கோடு போட்டதுபோல் வெள்ளை தெரியாது. நரையை முழுக்க மூடாது என்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் இதன் பெருமை. வெள்ளை இழைகள் பழுப்பாகி, சுற்றியிருக்கும் கறுப்புக்கு நடுவே ஒளிக்கீற்று வைத்ததுபோல் கலந்துவிடும். பார்ப்பவர் சாயம் என்று நினைக்கமாட்டார்.

செமி-பெர்மனன்ட் இன்னும் லேசானது. பெராக்சைடே இல்லை, ஓரிரு மாதங்களுக்குள் போய்விடும். நரையின்மேல் ஓரளவு சாயல் ஏற்றும், கறுப்பு முடியில் ஒன்றும் தெரியாது.

தலையில் பாதிக்கு மேல் நரைத்திருந்தால் நிரந்தரச் சாயம்தான் முடியில் நன்றாகப் பிடிக்கும். நரைமுடி சிலருக்குச் சொரசொரப்பாகவும் பிடிவாதமாகவும் இருக்கும். அதற்குச் சாயலற்ற அடிப்படை நிறமும் முழு நேரமும் தேவை. அப்போதும் எல்லா நரையையும் மூடவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். சலூனில் பூசுபவராக இருந்தால், "உச்சியில் சில மெல்லிய இழைகளை ஒரு படி வெளிர்ப்பாக வையுங்கள், காதோரத்தில் கொஞ்சம் நரையை விட்டுவிடுங்கள்" என்று கேளுங்கள். ஐம்பது வயதுக்காரருக்குக் காதோரத்தில் நாலு வெள்ளை இழை இருப்பதுதான் நம்பும்படியான தலை.

ஆண்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நம் அப்பாக்களும் மாமாக்களும் பெரும்பாலும் மீசையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தாடியும் மீசையும் பலருக்கு இயற்கையிலேயே தலைமுடியைவிட வெளிர்ந்தவை, சிலருக்குச் செம்மை கலந்தவை. தலைக்குப் பூசிய அதே கறுப்பை மீசைக்கும் அதே நேரம் வைத்துவிட்டால் மேலுதட்டில் மையால் வரைந்ததுபோல் ஆகிவிடும். மீசைக்குத் தலையைவிட ஒரு படி வெளிர்ந்த நிறம் எடுங்கள். தாடி மீசைக்கென்றே விற்கும் சாயங்களுக்குச் சில நிமிடங்களே போதும். பெட்டியில் போட்ட நேரத்தைத் தாண்டாதீர்கள். சுற்றியுள்ள தோலில் முதலில் கொஞ்சம் வாசலைன் தடவிக்கொள்ளுங்கள். புருவத்துக்கும் இமைமுடிக்கும் மட்டும் தலைச்சாயம் கூடவே கூடாது. 1930களில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச்சாயம் பெண்களின் பார்வையைப் பறித்தது. அதில் இருந்தது இன்றும் தலைச்சாயங்களில் இருக்கும் பாரா-பெனிலீன்டையமின் என்ற பொருள்தான்.

48 மணி நேரம்

அந்தப் பொருளைச் சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். அடர்நிறச் சாயங்கள் பெரும்பாலானவற்றில் இதுவோ இதன் உறவுக்கார மூலக்கூறோ இருக்கும். பலருக்கு ஒன்றும் செய்வதில்லை. ஒவ்வாமை உள்ளவர்களுக்கோ கடுமையாகிவிடும்: தலைத்தோலும் காதும் எரிந்து நீர் வடியும், நெற்றி வீங்கும், இமைகள் உப்பிக் கண் திறக்க முடியாமல் போகும். உடனே தெரிந்தால் கழுவிவிடலாம். இது ஒரு நாள், இரண்டு நாள் கழித்து வருவதால்தான் ஆபத்து. ஆகவே பூசுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன், காதுக்குப் பின்புறமோ முழங்கை மடிப்பிலோ பெட்டியில் சொன்னபடி சிறிது தடவி விட்டுவைக்க வேண்டும். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தச் சாயம் உங்களுக்கு இல்லை. பத்து வருடமாகப் பூசுகிறேன், எனக்கென்ன வரும் என்பவர்களும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யவேண்டும். ஒவ்வாமை பல வருடப் பழக்கத்துக்குப் பிறகும் வரக்கூடியது.

இரவுச் சந்தைகளில் கையில் வரையும் "கறுப்பு மருதாணி" இதில் ஒரு பெரிய கண்ணி. இயற்கை மருதாணி ஒருபோதும் கறுப்பாகப் பிடிக்காது. சில நிமிடங்களில் கருகருவென்று பிடித்தால் அதில் பி.பி.டி. கலந்திருக்க வாய்ப்பு அதிகம், அளவும் யாருக்கும் தெரியாது. சிறு வயதில் அது பட்டுக் கொப்பளித்தவர்கள் பின்னாளில் தலைச்சாயம் பூசும்போது மோசமாகப் பாதிக்கப்படுகிறார்கள். உங்களுக்கு அப்படி ஓர் அனுபவம் இருந்தால், சாயம் பூசும் முன் தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பி.பி.டி. இல்லாத சாயம் என்று விற்பவற்றில் அதற்கு நெருங்கிய உறவான பொருள் இருப்பதுண்டு. முன்னது ஒத்துக்கொள்ளாத பலருக்குப் பின்னதும் ஒத்துக்கொள்ளாது.

அமோனியா இல்லை என்ற அறிவிப்பும் பலரை ஏமாற்றுகிறது. நெடி குறைவு என்பது உண்மை. ஆனால் அமோனியாவின் இடத்தில் வேறு காரம் இருக்கிறது, பெராக்சைடும் பி.பி.டி.யும் அப்படியே இருக்கலாம். மலேசியாவில் விற்கும் அழகுப்பொருள் எதுவும் சந்தைக்கு வரும் முன் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் அறிவிக்கப்பட வேண்டும். ஒரு பொருளின் பெயரை அந்த முகமையின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். அங்கே இருப்பதால் அரசாங்கம் அதைச் சோதித்து அனுமதித்தது என்று பொருளாகாது. ஆனால் இல்லாத பொருளைத் தலையில் வைக்காமல் இருக்க அது உதவும்.

மருதாணியும் அவுரியும்

தூய மருதாணியில் இருக்கும் லாசோன் என்ற நிறமி முடியின் கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், எளிதில் போகாது. நரையில் அது தரும் நிறம் செம்மஞ்சள். அதையே விரும்பிப் பூசுபவர்கள் உண்டு. பினாங்கில் தமிழ் முஸ்லிம் பெரியவர்கள் பலர் கறுப்புச் சாயத்தைத் தவிர்த்து மருதாணியையே நாடுகிறார்கள். செம்மை வேண்டாம், பழுப்பு வேண்டும் என்றால் அவுரி சேர்க்கவேண்டும். முதலில் மருதாணிக் குழம்பைச் சில மணி நேரம் வைத்து அலசிவிட்டு, அவுரிப் பொடியை வெதுவெதுப்பான நீரில் அப்போதே குழைத்து ஈரமுடியில் பூசுங்கள். அவுரியை எவ்வளவு நேரம் வைக்கிறோமோ அவ்வளவு கருமை. அலசியதும் பச்சை தட்டியதுபோல் தெரிந்தால் பயப்படவேண்டாம். காற்றுப் பட்டு ஒன்றிரண்டு நாளில் ஆழ்ந்த பழுப்பாக மாறும்.

பாக்கெட்டின் முன்பக்கம் இலைப்படம் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். திருப்பிப் பார்த்து உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். மருதாணி, அவுரி என்று தாவரப் பெயர்கள் மட்டும் இருந்தால் சரி. பெனிலீன்டையமின், பேரியம் பெராக்சைடு என்றெல்லாம் இருந்தால் அது இரசாயனச் சாயம்தான், பெயர்தான் மருதாணி. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், மருதாணியைத் தவிர்க்கவேண்டும். அவர்களுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தக் குறைபாட்டைச் சோதிக்கிறார்கள் என்பதால் வீட்டில் அந்தக் குறிப்பு இருக்க வாய்ப்புண்டு.

பூசும் நாள்

தலையில் புண்ணோ கீறலோ இருந்தால் வேண்டாம். தைப்பூசத்துக்கு மொட்டை போட்டவர்கள் முளைக்கும் நரையைப் பார்த்து அவசரப்படக் கூடாது. சவரம் பட்ட தோல் ஆறட்டும். பூசுவதற்குச் சற்று முன் தலையைத் தேய்த்துக் குளிக்கவும் வேண்டாம், எண்ணெய் வழிய வரவும் வேண்டாம். முந்தைய நாள் குளித்த தலை சரியான பதம்.

நரை அதிகம் உள்ள இடத்தில் முதலில் பூசுங்கள். பெரும்பாலும் அது காதோரமும் நெற்றியோரமும். உலோகக் கிண்ணம் தவிர்த்து பிளாஸ்டிக் கிண்ணத்தில் கலக்குங்கள். கலந்த சாயம் மீந்தால் மூடி வைக்காமல் கொட்டிவிடுங்கள், வாயு சேர்ந்து குப்பி வெடிக்கும். நேரத்தைக் கடைசித் தூரிகை பட்டதிலிருந்து கணக்கிடுங்கள். அரைமணி நேரம் என்று போட்டிருந்தால் இருபது நிமிடத்தில் அலசாதீர்கள். மூலக்கூறுகள் முழுதாகச் சேரும் முன் அலசினால் நிறம் வேகமாகப் போய்விடும்.

இயல்பான தலைக்கும் செயற்கையான தலைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இரண்டாவது முறையிலிருந்து தொடங்குகிறது. நாலைந்து வாரத்தில் வேரில் 1 அல்லது 1.5 சென்டிமீட்டர் வெள்ளை வரும். அந்த அளவுக்கு மட்டும் பூசவேண்டும். முடி முழுக்க மறுபடி மறுபடி பூசுபவர்களின் நுனியில் சாயத்தின்மேல் சாயம் ஏறி, ஒளியே திரும்பாத கட்டிக் கறுப்பாகி, முடியும் உலர்ந்து ஒடியும். நுனி மங்கியிருந்தால் அலசுவதற்கு ஐந்து நிமிடம் முன் கொஞ்சம் தண்ணீர் தெளித்து வேரில் இருப்பதையே நுனிவரை இழுத்துவிடுங்கள், அது போதும்.

பூசிய பிறகு

சாயத்தை அதிகம் எடுத்துச்செல்வது தண்ணீர். ஷாம்பூவின்மேல் எல்லாப் பழியையும் போடுகிறோம். ஈரத்தில் முடி உப்பும்போதே சாயம் கசியத் தொடங்கிவிடுகிறது. கோலாலம்பூர் வெக்கையில் காலையும் மாலையும் தலையோடு குளிக்கும் பழக்கம் உள்ளவர்கள், சாயம் மூன்று வாரம்கூட நிற்கவில்லையே என்று வருந்துவது இதனால். பூசிய முதல் இரண்டு மூன்று நாள் தலைக்குத் தண்ணீர் விடாதீர்கள். அதன்பின் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். மற்ற நாளில் தலைக்கு உறை போட்டுக்கொண்டு உடம்புக்கு மட்டும் குளிக்கலாம். ஷாம்பூவைத் தலைத்தோலில் மட்டும் தேய்த்து, நீளத்துக்குக் கண்டிஷனர் போடுங்கள். கண்டிஷனர் லேசான அமிலத்தன்மை உள்ளது. காரத்தில் தூக்கிய செதில்களை மறுபடி படியவைக்கும். வெந்நீர் வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் இங்கே நமக்குப் பெரிய துணை. 2003ல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே கணிசமாகக் குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் நுழையக்கூடியது. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் நீளத்திலும் நுனியிலும் கொஞ்சமாகத் தடவுங்கள். வழிய வழியத் தடவினால் அதைப் போக்க இரண்டு முறை ஷாம்பூ போடவேண்டி வரும். பாதுகாக்க வந்ததே சாயத்தைக் கொண்டுபோய்விடும்.

தீபாவளிக்கு முதல் நாள் எல்லா சலூன்களும் நிரம்பி வழிகின்றன. மறுநாள் விடியற்காலையில் நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளிக்கிறோம். புதுச் சாயத்துக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே பூசிவிடுங்கள். சாயம் நிலைத்திருக்கும், முதல் நாளின் விறைப்பான அடர்த்தி கொஞ்சம் தணிந்து முகத்தோடு சேர்ந்திருக்கும், நெற்றியில் பட்ட கறையும் போயிருக்கும். எண்ணெய்க் குளியல் அன்று சீயக்காய்ப் பொடிக்குப் பதிலாக மென்மையான ஷாம்பூ போதும்.

நாம் வாழ்வது நிலநடுக்கோட்டுக்கு அருகே. கோலாலம்பூர் வடக்கே 3 டிகிரியில் இருக்கிறது. உச்சிவெயிலின் புற ஊதாக்கதிர் சாயத்தையும் உடைக்கும், மெலனினையும் உடைக்கும். குடையோ துணியோ தலைக்கு வேண்டும். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களும் தூடோங் என்னும் தலைத்துணி அணிபவர்களும் ஈரத்தலையை மூடாமல் காயவிட்டுக் கிளம்புங்கள். கொண்டோமினியம் குளத்தில் நீந்துபவர்கள், இறங்கும் முன் முடியைக் குழாய்த் தண்ணீரில் நனைத்துக் கண்டிஷனர் தடவிக்கொண்டால் குளோரின் நீரை முடி அதிகம் உறிஞ்சாது. முடியை நேராக்கும் இரும்பை 180 டிகிரிக்கு மேல் வைக்கவேண்டாம். வெளிர்நிறம் ஏற்றியவர்களுக்கு மஞ்சள் தட்டினால் ஊதா ஷாம்பூ, செம்மஞ்சள் தட்டினால் நீல ஷாம்பூ; 3, 4 எண்ணில் பூசியவர்களுக்கு இவை இரண்டும் தேவையில்லை.

இத்தனைக்குப் பிறகும் நினைத்ததைவிடக் கறுத்துவிட்டால், அதன்மேல் 5ஓ 6ஓ வாங்கிப் பூசாதீர்கள். முடிக்குள் ஏறிய சாயத்தை இன்னொரு சாயம் வெளுக்காது. வேர் மட்டும் வெளிர்ந்து நீளம் கறுப்பாகவே நிற்கும். முதல் வாரத்திலேயே ஆழச் சுத்தம் செய்யும் ஷாம்பூவால் இரண்டு மூன்று முறை அலசினால் ஓரளவு தணியும். அதற்கும் மேல் என்றால் சாயம் நீக்கும் மருந்து இருக்கிறது, அதைச் சலூனில் தெரிந்தவர் கையால் செய்துகொள்ளுங்கள். காத்திருக்க முடிபவர்கள் நுனியை அவ்வப்போது வெட்டிக்கொண்டு, வேருக்கு மட்டும் சரியான எண்ணில் டெமி-பெர்மனன்ட் பூசி வரலாம். அதுவரை வகிட்டை நேராக எடுக்காமல் கோணல்மாணலாக எடுத்தால், வேரில் தெரியும் வெள்ளைக் கோடு கண்ணில் படாது.